பிரேக்குத் தொட்டியில ஊத்துன எண்ணெ

எங்க வீட்டுக்காரவுக அந்த வண்டிய வாங்கிட்டு வந்து வாசல்ல நிப்பாட்டுன அன்னைக்கு எனக்குச் சிரிப்புத்தேன் வந்துச்சு. மூஞ்சிக்கு ரெண்டு பக்கமும் தவளக் கண்ணு மாதிரி லைட்டு. முன்னால ரெண்டு பேரு உக்காரலாம், இடிச்சு உக்காந்தா மூணு பேரு. பின்னால பலகை அடிச்ச தொட்டி. கொடைக்கானல் பக்கம் ஏதோ எஸ்டேட்டுல ஒரு வெள்ளக்காரரு வச்சிருந்தாராம். அவரு சீமைக்குக் கப்பலேறிப் போகையில வித்துட்டுப் போயி, கை மாறிக் கை மாறி எங்க வாசலுக்கு வந்துருச்சு. பட்டறையில எல்லாம் பிக்கப்புன்னு சொல்லுவாக. எங்க மாமியா வாயில அது நொழையல. "என்னடா இது சப்பரம் மாதிரி"ன்னுச்சு. சாகுற வரைக்கும் அதுக்குச் சப்பரந்தேன்.

எந்த வருசம்னு என்னயக் கேக்காதீக. எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எம் பேத்தி எழுதுறா. அணாவெல்லாம் போயி நயாபைசா வந்த புதுசு. எனக்குக் கலியாணமாகி ஒரு வருசம்கூட ஆகல. அம்புட்டுத்தேன் தெரியும்.

சிறுமலைக்கு அப்ப வண்டி ஏறுற மாதிரி ரோடு கெடையாது. மேல வெளையுற வாழைப்பழம், எலுமிச்சங்கா, மெளகு எல்லாத்தையும் குதிரை முதுகுல பொதி கட்டித்தேன் கீழ எறக்குவாக. அடிவாரத்துல பொதி எறங்குனா அத எங்க வண்டியில ஏத்திக்கிட்டுத் திண்டுக்கல் மார்க்கெட்டுக்குப் போகணும். தைப்பூசம் நெருங்குனா பழனிக்குப் போகணும், பஞ்சாமிர்தம் போடுறவுக சிறுமலைப் பழந்தேன் வேணும்னு நிப்பாக. அந்தப் பழத்தோட வாசம் இருக்கே, ஒரு சீப்பு வீட்டுக்குள்ள இருந்தா தெருவுக்கே தெரியும். அவுக சட்டையில, தலையில, போர்வையில எல்லாம் அந்த வாசந்தேன். எங்க நான் விட்டேன்? ஆங், வண்டி.

வண்டி ஓடும். நிக்கிறதுதேன் கஷ்டம். அதுல இருந்தது கம்பி பிரேக்கு. மிதிச்சா கம்பி இழுக்கணும், கம்பி போயி சக்கரத்தப் பிடிக்கணும். நாலு சக்கரத்துல ஒண்ணு பிடிக்கும், ஒண்ணு யோசிக்கும், மத்தது ரெண்டும் அதுபாட்டுக்கு ஓடும். ஸ்டேரிங்கு அதுக்கு மேல. முக்காச் சுத்து சும்மா சுத்தணும், அதுக்கப்புறந்தேன் சக்கரத்துக்குச் சேதி போகும். எனக்குக் கொழுந்தன் மொறையில ஒருத்தரு பின்னால லோடுக்கு நிப்பாரு. சரியான வாயி. "மதினி, அண்ணன் இந்த ஊருல திருப்புனா அடுத்த ஊருலதேன் வண்டி திரும்புது"ன்னு சொல்லுவாரு. நான் வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிப்பேன்.

அந்தச் சிரிப்பு ஆடி மாசத்தோட போச்சு. அடிவாரத்துலருந்து வார ரோடு ஒரு எடத்துல சரிவா எறங்கி ரயில்வே கேட்டுல போயி முட்டும். அன்னைக்குக் கேட்டு பூட்டியிருக்கு, ரயிலு வருது, வண்டி நெறைய லோடு. அவுக மிதிக்கிறாக, நிக்கல. ரெண்டு காலாலயும் மிதிக்கிறாக, நிக்கல. ஸ்டேரிங்க ஒடிச்சு ஒடிச்சுக் கடைசியில வண்டி ஓரமா குமிச்சு வச்சிருந்த ஜல்லியில ஏறி நின்னுச்சு. அவுகளுக்கு முழங்காலு பேந்துபோச்சு. பழமெல்லாம் ரோட்டுல. ரயில்ல போறவுக எட்டிப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே போனாகளாம்.

அத அவுக எங்ககிட்டச் சிரிச்சுக்கிட்டேதேன் சொன்னாக. ஆனா சாப்புட உக்காந்தா, கையில எடுத்த சோறு வாய்க்குப் போக மாட்டேங்குது. நான் வெஞ்சனத்த வச்சுட்டு அந்தக் கையவே பாத்துக்கிட்டு நின்னேன். அன்னைக்கு என் நெஞ்சுல ஏறி உக்காந்த பயம், இந்த மனுசன் ஒரு நாளு வண்டியோட திரும்ப வராமப் போயிருவாகங்குற பயம், அது எறங்கப் பல மாசமாச்சு.

திண்டுக்கல்லு பழனி ரோட்டுல தகரம் போட்ட பட்டறை ஒண்ணு. அத வச்சிருந்தவரு பாய். தாடியெல்லாம் கிரீசு. வண்டியச் சுத்திச் சுத்தி வந்து பாத்துட்டு, "இது பிரேக்கு இல்லப்பா, வேண்டுதலு"ன்னாரு. "எண்ணெ பிரேக்கு மாட்டு. மிதிச்சா நாலு சக்கரமும் ஒண்ணாப் பிடிக்கும். ஸ்டேரிங்கு வளையத்தையும் பெட்டியையும் மாத்திருவோம். ஒரு வண்டி ஒடஞ்சு வந்து கெடக்கு, அதுலருந்து எல்லாத்தையும் கழட்டித் தாரேன்"னாரு. அவுகளுக்குச் சந்தோசம். அந்த வண்டி எப்பிடி ஒடஞ்சுச்சுன்னு அவுக கேட்டாகளா, பாய் சொன்னாரா, அது எனக்குத் தெரியாது. வீட்டுல வந்து சொல்லல.

ஒம்பது நாளு வேலை. தெனமும் மத்தியானம் நாந்தேன் சோறு கொண்டு போவேன். எட்டாம் நாளு வெள்ளிக்கிழம. பாய் தொழுதுட்டு வந்துட்டாரு, அவருக்கு வேலை பாக்குற ஆளு யாரையும் காணோம். கொழுந்தன் எங்கயோ டீக்குடிக்கப் போயிட்டாரு. அவுகளுக்கு முழங்காலுல கட்டு. எண்ணெ பிரேக்குல ஏர் எடுக்கணும்னு ஒண்ணு இருக்கு. குழாய்க்குள்ள காத்து நின்னா பிரேக்கு பிடிக்காது. ஒருத்தரு மேல உக்காந்து மிதிக்கணும், ஒருத்தரு கீழ படுத்து நட்டைத் தளத்திக் காத்த வெளிய விடணும்.

"தங்கச்சி, நீ ஏறு"ன்னாரு பாய்.

"நானா?"

"ஒனக்குக் காலு இருக்குல்ல?"

நான் அவுக மூஞ்சியப் பாத்தேன். "ஏறு, ஏறு, ஆட்டாங்கல்லச் சுத்துற, இது என்ன பெரிசு"ன்னாக. ஏறி உக்காந்தேன். சேலைய இழுத்துச் சொருகிக்கிட்டுக் கால வச்சேன். கீழருந்து பாய், "மிதி"ம்பாரு, மிதிப்பேன். "பிடி"ம்பாரு, பிடிப்பேன். "விடு"ம்பாரு, விடுவேன். ரோட்டுல போறவுகெல்லாம் நின்னுட்டாக. ஒரு பொம்பளை ஸ்டேரிங்கப் பிடிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்காளேன்னு. பொகையிலை ஏத்திப் போன வண்டிக்காரரு ஒருத்தரு மாட்ட நிப்பாட்டிட்டு, "தாயி, பழனிக்கு டிக்கெட்டு எம்புட்டு?"ன்னு கேட்டாரு. எனக்கு வெக்கம் ஒரு பக்கம், பூரிப்பு ஒரு பக்கம். இப்ப நெனச்சாலும் பாதம் குறுகுறுங்குது. மிதிக்க மிதிக்க முதல்ல பஞ்சு மாதிரி அமுங்குனது, அப்புறம் கல்லு மாதிரி நின்னுச்சு. என் காலு அத நிப்பாட்டுச்சு!

அப்ப பாத்த ரெண்டு விசயத்தச் சொல்லணும். ஒண்ணு, என் காலுக்குக் கீழ ஒரு பலகை. அதத் தூக்குனா ஒரு சின்னத் தொட்டி, மூடி போட்டது. அதுல பாய் எண்ணெ ஊத்துனாரு. கடையில விக்கிற எண்ணெ மதராசுலருந்து வந்தாத்தேன் உண்டாம். அதனால வெளக்கெண்ணெயில ஏதோ ஸ்பிரிட்டக் கலந்து அவரே ஆட்டி வச்சிருந்தாரு. வெளக்கெண்ணெ! புள்ளைகளுக்கு வயித்துக்குக் குடுக்குறது! "பாய், வண்டிக்குப் பேதியாகிறாம"ன்னேன். பாய் வண்டிக்கடியில படுத்துக்கிட்டே சிரிச்சாரு.

இன்னொண்ணு, ஸ்டேரிங்கு. அந்த வளையத்துல வலப் பக்கம் ஒரு எடத்துல தேஞ்சு குழியா இருந்துச்சு. என் பெருவெரல வச்சேன், குழி பெரிசு, வெரலு சின்னது. ஆனா சூடா இருந்துச்சு. வெயிலுதேன்னு வச்சுக்கிட்டேன்.

ஒம்பதாம் நாளு வண்டி வீட்டுக்கு வந்துச்சு. மிதிச்சா மிதிச்ச எடத்துல நிக்குது. ஒரு வெரலால திருப்புனா திரும்புது. அவுகளுக்குக் கால் தரையில நிக்கல. அன்னைக்கே கொழுந்தன் வாயி சும்மா இருக்காம, தண்ணி குடிக்க வந்தவரு என்கிட்டச் சொல்லிப்பிட்டாரு. "மதினி, அண்ணன்கிட்டச் சொல்லாதீக. இந்தச் சாமானெல்லாம் காவு வாங்குன வண்டியோடது. ஒட்டன்சத்திரம் ரோட்டுல புளியமரத்துல மோதி டிரைவரு அங்கயே போயிட்டாரு. அவரு நெஞ்சு இந்த ஸ்டேரிங்குலதேன் கெடந்துச்சாம்."

எங்கிட்டச் சொன்னவரு எங்க மாமியாகிட்டயும் சொல்லிட்டாரு. அதுக்கு வாயி நிக்குமா? எலுமிச்சங்காய நசுக்கு, பூசணிக்காயச் சுத்து, கருப்பசாமி கோயிலு துன்னூற எடுத்துப் பூசுன்னு ஒரே பாடு. அவுக சிரிப்பாக. "இரும்புக்கு என்னத்தா தெரியும்?"

ஆனா குதிரைகளுக்குத் தெரிஞ்சுச்சு. சிறுமலையிலருந்து எறங்குற குதிரைக எங்க வண்டிய நல்லாப் பழகியிருந்துச்சுக, பக்கத்துல நின்னு வாலாட்டும். சாமான் மாத்துனதுக்கு அப்புறம் ஒரு குதிரைகூடக் கிட்ட வரல. பத்தடிக்கு அங்கிட்டே நின்னுக்கிட்டுக் காத மடக்குதுக. பொதியத் தோளுலதேன் சுமந்துட்டு வந்து ஏத்தணும். புது எண்ணெ வாடையா இருக்கும்னு அவுக சொன்னாக. இருக்கும்.

ஒரு மத்தியானம் நான் வாசல்ல சோளம் பொடைச்சுக்கிட்டிருந்தேன். காத்தில்ல. தெருவுல ஆளில்ல. அவுக உள்ள படுத்திருக்காக. வண்டி சும்மா நிக்குது. கண்ண நிமுத்திப் பாத்தா, ஸ்டேரிங்கு மெல்ல, ரொம்ப மெல்ல, எடப் பக்கமா ஒரு சாணு திரும்பி நின்னுச்சு. முறத்த அப்பிடியே போட்டுட்டு உள்ள போயி அவுக மூச்சு விடுறாகளான்னு பாத்தேன். யாருகிட்டயும் சொல்லல.

எங்க பொறந்த ஊருல ஒரு வழக்கம். காலம் வாரதுக்கு முந்தி போயிட்டவுக, எந்த எடத்துல விழுந்தாகளோ அந்த எடத்துல ஒரு கல்ல நட்டு, அமாவாசைக்கு அமாவாசை பொம்பளைக போயி ஒரு கரண்டி நல்லெண்ணெ ஊத்துவாக. தாகம் தீரும், சூடு தணியும், வேற ஆளத் தேட மாட்டாகன்னு. நான் யோசிச்சேன். இந்த டிரைவரு விழுந்தது எந்த எடம்? அந்த ஸ்டேரிங்கு மேல. அதுக்குக் கீழதேன் அந்தத் தொட்டி. அதுல பாயே எண்ணெதேன ஊத்துனாரு. நான் கண்ணால பாத்தேனே!

புரட்டாசி அமாவாசைக்குக் குளிச்சுட்டு, வெளக்குக்கு வாங்கி வச்ச நல்லெண்ணெயில ஒரு கரண்டி எடுத்துக்கிட்டுப் போனேன். அவுக மார்க்கெட்டுக்கு நடந்து போயிருந்தாக. பலகையத் தூக்கி, மூடியத் தெறந்து ஊத்துனேன். "அண்ணே, நீங்க யாரோ எவரோ. எங்க வீட்டுக்காரவுகள விட்டுருங்க"ன்னு சொன்னேன். ஐப்பசிக்கு ஊத்துனேன். கார்த்திகைக்கு ஊத்துனேன். அந்த நேரம் எம் மூத்தவ வயித்துல வந்துட்டா, அதனால பயமும் ரெட்டிப்பு, ஊத்துறதும் கரண்டி தளும்பத் தளும்ப.

அவுக என்னமோ அப்பப்ப பலகையத் தூக்கிப் பாத்துட்டு, "எண்ணெ கொறையவே இல்ல பாரு, பாய் வேலைன்னா வேலை"ன்னு பெருமையடிப்பாக. நான் மூஞ்சியத் திருப்பிக்குவேன்.

கார்த்திகை முடிஞ்சு வண்டி தானா நிக்க ஆரம்பிச்சுச்சு.

ஓடிக்கிட்டே இருக்கும். யாரோ கைய வச்சு இழுக்குற மாதிரி எடப் பக்கம் போகும். அப்புறம் மெல்ல மெல்ல வேகம் கொறஞ்சு, அவுக மிதிக்காமலே, நின்னுரும். ஆக்சிலேட்டர அமுக்குனா உறுமும், நகராது. ஒரு கருகுன வாடை வரும். ஒரு மணி நேரம் கழிச்சுப் பாத்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடும். பட்டறைக்குக் கொண்டு போறதுக்குள்ள ஆறிப்போயி, பாய் தள்ளிப் பாத்தா ரப்பர் பந்து மாதிரி உருளுது. "எல்லாம் சரியாத்தேன இருக்கு"ம்பாரு.

ஊருல பேச்சுக் கெளம்பிருச்சு. செத்தவரு பிரேக்க மிதிக்கிறாரு. லோடு குடுக்குறவுக ரெண்டு பேரு வேணாம்னுட்டாக. அவுக சிரிப்பும் கொறஞ்சுபோச்சு. வீட்டுக்கு வந்தா கைய விரிச்சு வச்சுப் பாத்துக்கிட்டு இருப்பாக. ஒரு நாளு என்னயக் கூப்பிட்டு, "இங்க பாரு"ன்னாக. வலது பெருவெரல்ல காப்புக் காச்சிருக்கு. "அந்தக் குழியிலதேன் வெரலு போகுது. நான் வைக்கிறதில்ல. அதுவாப் போகுது." அதச் சொல்லையில அவுக குரலு அவுக குரலு மாதிரியே இல்ல.

ரெண்டாந்தடவ பட்டறைக்குப் போகையில நான் தூக்குச் சட்டியோட நிக்கிறேன். பாய் தாடியச் சொறிஞ்சுக்கிட்டு, "எண்ணெ ஏதாச்சும் மாத்தி ஊத்துனியா?"ன்னாரு.

"சொட்டு ஊத்தல பாய்."

"வேற எண்ணெ பட்டா உள்ள இருக்குற ரப்பரு ஊதிக்கும். ஊதுச்சுன்னா மிதிச்ச பிரேக்கு திரும்ப வராது. பிடிச்சதப் பிடிச்சபடியே சூடேறும். எதுக்கும் பிரிச்சுப் பாத்துருவோம்."

"பூசம் முடியட்டும் பாய். பழனி லோடு ஒத்துக்கிட்டேன்."

அப்ப நான் வாயத் தெறந்திருக்கணும். தெறக்கல. சொன்னா, புருசன் வண்டிக்குள்ள எண்ணெ ஊத்திக் கெடுத்தவன்னு எங்க மாமியா ஊரக் கூட்டும். அது ஒண்ணு. இன்னொண்ணு, அந்த அண்ணனுக்கு ஊத்துனது அது. அது எப்பிடிக் கெடுதல் பண்ணும்னு ஒரு மனசு. ஒரு கரண்டி நல்லெண்ணெ, புள்ளத் தலைக்கு வைக்கிறது. இரும்ப என்ன பண்ணிரும்? அந்த மார்கழி அமாவாசைக்கும் போயி ஊத்துனேன், பாருங்க. என் புத்தி அப்பிடி.

தை பொறந்து நாலஞ்சு நாளுல ஒரு பொம்பளை எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னாக. என்னய விடப் பத்து வயசு கூட இருக்கும். வெள்ளச் சேலை. கையில ஒரு மஞ்சப்பை. "ஏனுங்க, இந்த வண்டி இந்த வீட்டுதுங்களா?" பேச்சு ஒட்டன்சத்திரத்துப் பக்கத்துப் பேச்சு.

எனக்குப் புரிஞ்சுபோச்சு. அவுக யாருன்னு சொல்லத் தேவையே இல்ல.

"வண்டி தானா நிக்குதுன்னு சந்தையில பேசிக்கிட்டாங்க. அதானுங்க வந்தேன்"னாக. தண்ணி குடுத்தேன், குடிக்கல. நேரா வண்டிக்குப் போயி, கதவத் தெறந்து, ஏறி, டிரைவரு எடத்துல உக்காந்தாக. ஸ்டேரிங்க ரெண்டு கையாலயும் தடவுனாக. அந்தக் குழி வந்ததும் கை நின்னுச்சு. "இங்கதானுங்க வெரலு வெப்பாரு." அப்புறம் எங்களையெல்லாம் மறந்துட்டாக. "ஏனுங்க மாமா, ஊட்டுக்கு அரை மைலு இருக்கையில எதுக்கு அப்படிப் போனீங்க? சோறு ஆக்கி வெச்சிருந்தேனே"ன்னு, கடைக்குப் போன ஆளுகிட்டக் கேக்குற மாதிரி கேக்குறாக. எங்க மாமியா, அம்புட்டு வாயி பேசுற மனுசி, முந்தானையால மூஞ்சிய மூடிக்கிட்டுச்சு.

எறங்கி வந்து எங்க வீட்டுக்காரவுகளக் கும்புட்டாக. "அண்ணா, ஒரே ஒருக்கா இந்த வண்டியில என்னைய எங்க ஊட்டு வரைக்கும் கொண்டாந்து உடறீங்களா? அவரு அன்னிக்கு வந்து சேரலீங்க. வந்து சேந்துட்டா எங்கயும் நிக்க மாட்டாருங்க, உங்களத் தொந்தரவு பண்ண மாட்டாருங்க."

பழனி லோடு அந்த வழியாத்தேன் போகணும். அவுக சரின்னுட்டாக. ரெண்டு நாளு கழிச்சு வெடிய வரச் சொல்லி அனுப்புனாக.

நானும் வாரேன்னேன். மாமியா கத்துச்சு, வயித்துப் புள்ளையோட அந்தச் சப்பரத்துலயான்னு. முருகனுக்கு வேண்டுதல்னு பொய் சொன்னேன். நெசம் என்னன்னா, நான் ஊத்துன எண்ணெயால ஏதாச்சும் ஆச்சுன்னா, நான் வீட்டுல உக்காந்து சேதி கேக்கக் கூடாது. நானும் அதுலயே இருக்கணும். அப்பிடித்தேன் நெனச்சேன். வாயத் தெறந்து ஒரு வார்த்தை சொல்லத் தைரியமில்ல, சாகத் தைரியம் இருந்துச்சு.

அவுக ஓட்டுறாக, நடுவுல நான், ஓரத்துல அந்த அக்கா. பின்னால பழத்தாருக மேல கொழுந்தன். ரோடு பூராவும் காவடி. பூசத்துக்கு நடந்து போறவுக கூட்டங் கூட்டமாப் போறாக. அவுக மிதிக்கிறதும் விடுறதும் மிதிக்கிறதும் விடுறதுமாப் போறாக. ரெண்டு பக்கமும் புளியமரம். அந்த அக்கா கண்ண மூடிக்கிட்டே வந்தாக. நடுவுல எங்க வீட்டுக்காரவுக தொண்டையச் செருமுனாக, தூசிதேன். அந்த அக்கா உடம்பு தூக்கிப் போட்டுச்சு. கண்ணத் தெறக்காம, "அவரும் இப்படித்தானுங்க செருமுவாரு"ன்னாக. அவுக அதுக்கப்புறம் பழனி வரைக்கும் செருமல. எச்சியக்கூட மெல்லத்தேன் முழுங்குனாக.

ஒட்டன்சத்திரத்துக்கு முந்தி கூட்டம் கொறஞ்சுச்சு. ரோடு நேரா, மட்டமா கெடக்கு. அவுக காலு பிரேக்குல இல்ல, நான் குனிஞ்சு பாத்தேன். வண்டி எடப் பக்கம் இழுக்குது. அவுக வலப் பக்கம் திருப்புறாக, அது எடப் பக்கம் இழுக்குது. ரெண்டு பேரு ஒரு கயித்தப் பிடிச்சு இழுக்குற மாதிரி. கருகுன வாடை. மெல்ல, மெல்ல, ஒரு பெரிய புளியமரத்துக்கிட்ட, எடது கையில ஒரு மண்பாதை பிரியுற எடத்துல வண்டி நின்னுருச்சு. மரத்துல பட்டை உரிஞ்ச தழும்பு, இன்னும் ஆறல.

அந்த அக்கா கண்ணத் தெறந்தாக. "எங்க ஊருப் பாதைங்க இது"ன்னாக. அழுகல. கலியாணப் பொண்ணு மாதிரி அப்பிடி ஒரு சிரிப்பு. "வந்துட்டாருங்க. நான் ஓடிப் போயி ஆரத்தி கரைச்சுக்கிட்டு வாரனுங்க"ன்னு எறங்கி ஓடுனாக, சின்னப் புள்ள கணக்கா, செருப்பில்லாத காலோட.

எங்க வீட்டுக்காரவுக வெளுத்துப்போயி உக்காந்திருக்காக. கொழுந்தன் பின்னால குதிச்சு எறங்கி, "அண்ணே, எடது சக்கரம் பொகையுது!"ன்னாரு. அவுக சட்டுனு பலகையத் தூக்கி, மூடியத் தெறந்து வெரல விட்டாக. மோந்து பாத்தாக. மறுபடியும் மோந்து பாத்தாக.

"என்னடி இது, நல்லெண்ணெ வாடை அடிக்குது?"

நான் அவுக கையப் பிடிச்சு மரத்துக்கு அங்கிட்டு இழுத்துட்டுப் போயிட்டேன். அந்தத் தழும்பு என் முதுகுல படுது. எல்லாத்தையும் சொன்னேன். அடிப்பாகன்னு கண்ண மூடிக்கிட்டேன்.

"எம்புட்டு ஊத்துன?"

"மாசத்துக்கு ஒரு கரண்டி."

"எத்தன மாசம்?"

"நாலு."

எண்ணெ பட்ட வெரல மரத்துல தேச்சாக. அப்புறம், "எனக்கு வெஞ்சனத்துல ஊத்துடின்னா ஒரு சொட்டு ஊத்த மாட்ட. செத்தவனுக்குக் கரண்டி கரண்டியா ஊத்திருக்க"ன்னாக. சிரிக்க ஆரம்பிச்சாக பாருங்க, மரத்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறாக. நானும் சிரிக்கிறேன், அழுகுறேன். கொழுந்தன் தூரத்துல நின்னுக்கிட்டு, ரெண்டு பேருக்கும் பேய் பிடிச்சிருச்சுன்னு முடிவே பண்ணிட்டாரு.

"அவுககிட்டச் சொல்லணுமா?"ன்னேன். பாதையில அந்த அக்கா தாம்பாளத்தோட வாரது தெரியுது.

அவுக அந்தப் பக்கமே பாத்துக்கிட்டு நின்னாக. "சக்கரம் ஆறட்டும். அது வரைக்கும் எதுவும் சொல்லாத"ன்னாக.

ஆரத்தி சுத்துனாக. தண்ணிய அந்த எடது சக்கரத்துல ஊத்துனாக. உஸ்ஸுன்னு ஆவி கெளம்புச்சு. அந்த அக்கா அந்த ஆவிய ரெண்டு கையாலயும் அள்ளிக் கண்ணுல ஒத்திக்கிட்டாக. எனக்கு அப்ப உடம்பு சிலுத்துச்சு, இப்பச் சொல்லையிலயும் சிலுக்குது, இந்தா பாரு. காரணம் எனக்குத் தெரியும், ஊத்துனவளே நாந்தேன். ஆனாலும் சிலுத்துச்சு. ரெண்டும் ஒண்ணாவே இருந்துச்சு.

வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிக் கம்மஞ்சோறும் தயிரும் பருப்பும் போட்டாக. செத்தவருக்குன்னு ஒரு எலை தனியாப் போட்டு அதுக்கும் பரிமாறுனாக. எங்க வீட்டுக்காரவுக அந்த எலையப் பாக்காம சாப்பிட்டாக. சக்கரம் ஆறுனதும் கீழ படுத்து நட்டைத் தளத்திக் கொஞ்சம் எண்ணெய வெளிய விட்டாக. சக்கரம் கையால சுத்துனா சுத்துச்சு. முதல் கியரு, ரெண்டாம் கியருன்னு ஊந்து ஊந்து பழனி போயிச் சேந்தோம். மலையக் கீழருந்து பாத்துக் கும்புட்டேன். என் பொய்ய முருகன் நெசமாக்கிட்டாரு.

நாங்க திரும்பி வந்ததும் பாய் பிரிச்சாரு. உள்ள இருந்த ரப்பரு காளான் மாதிரி ஊதிக் கெடந்துச்சு. "தங்கச்சி, இதுக்கு நீ வண்டிக்கு எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டியிருக்கலாம்"னாரு. புது ரப்பரு போட்டாரு. அதுக்கப்புறம் வண்டி மிதிச்சாத்தேன் நின்னுச்சு. குதிரைக மட்டும் கிட்ட வரவே இல்ல. அதுக்கு பாய்கிட்ட ரப்பரு இல்ல.

ஒவ்வொரு பூசத்துக்கும், சும்மா லோடுக்குப் போகையிலயும், அந்தப் புளியமரத்துக்கிட்ட வண்டி நிக்கும். அவுக மிதிப்பாக. அந்த அக்கா வந்து நிப்பாக, செத்த நேரம் ஸ்டேரிங்கத் தொடுவாக, மோரு குடுப்பாக. நெசத்த நாங்க சொல்லவே இல்ல. ரெண்டு மூணு வருசம் ஓடிப்போச்சு.

எம் மூத்தவளுக்குப் பழனியில மொட்டை போடப் போனப்ப, அவ மடியில தூங்குறா, வண்டி அங்க நின்னுச்சு. புள்ளயத் தோளுல போட்டுக்கிட்டு நான் மட்டும் எறங்குனேன். அந்த அக்கா மோருச் செம்ப நீட்டிக்கிட்டே, "உங்க ஊட்டுக்காரரு காலு மெதுவானதுங்க. எங்க ஊட்டுக்காரரு டக்குனு மிதிப்பாரு. டிரைவரு பொண்டாட்டிக்குச் சத்தம் தெரியாதுங்களா?"ன்னாக.

"அக்கா, அப்ப தெரியுமா?"

"ரெண்டாந்தரம் வந்தப்பவே தெரியுமுங்க. ஆனா மொதத் தரம் நீங்க யாரும் மிதிக்கலீங்களே."

அதுக்கு மேல எனக்குத் தாங்கல. அங்கயே, வெயிலுல நின்னுக்கிட்டு, அமாவாசை, கரண்டி, தொட்டி, ஊதிப்போன ரப்பரு, எல்லாத்தையும் கொட்டிட்டேன். "மன்னிச்சிருங்க அக்கா. அன்னைக்கு நிப்பாட்டுனது அவரு இல்ல. நான் ஊத்துன எண்ணெ"ன்னேன்.

அவுக தலையச் சாச்சுக் கேட்டுக்கிட்டே இருந்தாக. எல்லாம் முடிஞ்சதும், "என்ன எண்ணைங்க ஊத்துனீங்க?"ன்னாக.

"நல்லெண்ணெ."

"ஐயோ அம்மிணி!" வாயில கை வச்சுக்கிட்டாக. "அவருக்கு நல்லெண்ணை வாடையே ஆகாதுங்களே! எங்க ஊட்டுல கடலெண்ணைதானுங்க. நாலு மாசமா ஊத்துனா மனுசன் என்ன பண்ணுவாரு? அதானுங்க புடிச்சு நிறுத்திப்போட்டாரு!"

சிரிச்சாக. அப்பிடி ஒரு சிரிப்பு. நானும் சேந்து சிரிச்சேன், தோளுல கெடந்த புள்ள முழிச்சு அழுகுற அளவுக்கு. வண்டியிலருந்து எங்க வீட்டுக்காரவுக, "என்னடி அங்க சிரிப்பு?"ன்னாக.

ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டு மோர வாங்கிக் குடுத்தேன். இஞ்சினு ஓடிக்கிட்டுத்தேன் இருந்துச்சு. அவுக காலு அப்ப பிரேக்கு மேல இருந்துச்சா இல்லையான்னு நான் எட்டிப் பாக்கல.